பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிக் கதவு

ஆம்பர்ஸ்லோ பூங்கா, கேட்டு வீடு
1999 ஜனவரி 24, ஞாயிறு

என் செல்ல மகள் ஹேஸலுக்கு அம்மா எழுதுவது. இடது முட்டியைத் தவிர நான் முழுக்க நலம், அந்த முட்டியும் மழை வருவதை முதல் நாளே சொல்லிவிடுவதால் அதை நான் திட்டுவதில்லை. நீயும் மாப்பிள்ளை வாரனும் குழந்தைகளும் நியூசிலாந்து வெயிலில் மூக்குத் தோல் உரியாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய கிறிஸ்மஸ் பொட்டலம் ஜனவரி ஒன்பதாம் தேதி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது, காலுறை கச்சிதம், சாக்லேட் உருகி மறுபடி உறைந்து ஆட்டுக்குட்டி வடிவத்தில் இருந்தது, தலையை முதலில் தின்றேன். இவ்வளவு கனமான கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனதெல்லாம் கிரிஸ்பினுக்குத்தான். ஒரு பெரிய கோப்பைத் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி, இரண்டு வருஷமாக உன்னிடமிருந்து மறைத்ததையெல்லாம் இன்றைக்குக் கொட்டப்போகிறேன், அடுப்பில் ஆரஞ்சு மார்மலேட் வேறு கொதிக்கிறது, நடுநடுவே எழுத்து பிசுபிசுத்தால் அது கண்ணீர் இல்லை, சர்க்கரை.

பெரியதுரை செத்த பிறகு சின்னதுரை லண்டனை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கி, பூங்காவைப் பார்த்துக்கொள்ள கிரிஸ்பின் என்று ஒரு மேனேஜரை அனுப்பினார் என்று முன்பே எழுதியிருந்தேன். வயது முப்பத்தாறு, சேறு படாத பச்சை பூட்ஸ், கையில் எப்போதும் ஓர் அட்டை, அதில் செருகிய பேனா. பெரியதுரை சாகிற வரைக்கும் என்னை மிசஸ் டிரான்டர் என்றுதான் கூப்பிட்டார், இந்த ஆள் வந்த அன்றே 'மேவிஸ், செல்லம்' என்றார். நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இது. தொண்ணூற்றேழு பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, உன் அப்பாவை அடக்கம் செய்த நாளின் வருஷ நினைவு, வழக்கம்போல நம் கேட்டு வீட்டுத் தோட்டத்தில் பூத்த பனிக்காலத்து வெள்ளைப்பூவில் ஒரு கொத்து பறித்துக்கொண்டு பாதை வழியாக ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு மரக் கூண்டு, அதற்குள் டிக்கெட், அதற்கு வெளியே கிரிஸ்பின், அவருக்குப் பின்னால் ஒரு பேருந்து நிறையச் சுற்றுலாக்காரர்கள். 'டிக்கெட் எங்க மேவிஸ்?' என்றார். 'என் புருஷனப் பாக்கப் போறேன் சார், அவரு சர்ச்சுப் பக்கத்துல இருக்காரு' என்றேன். 'பாருங்க, தாராளமாப் பாருங்க, யாரு வேண்டாம்னா? உங்க வயசுக்குச் சலுகையே இருக்கு' என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்தார், 'ஆமா, இந்தப் பூ நம்ம பார்க்குல பறிச்சது இல்லையே?' என்று கேட்டார். கேட்டார் ஹேஸல், அத்தனை பேர் முன்னால், முப்பத்தொன்பது வருஷம் இந்தக் கேட்டைத் திறந்து மூடிய என்னை. நான் சலுகை டிக்கெட் வாங்கினேன். டிக்கெட் வாங்கியதற்கு அடையாளமாக அவர் மஞ்சள் நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கரை எடுத்து என் கறுப்புக் கோட்டில், இதயம் இருக்கிற பக்கமாகப் பார்த்து, தானே ஒட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைக் கிழிக்காமல் உரித்து, தேயிலை டப்பா வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் தேயிலை எடுக்கும்போதெல்லாம் அதற்கு வணக்கம் சொல்வேன். நாள் வரும்டா ராஜா, நாள் வரும் என்பேன்.

மார்ச்சில் பாதையின் குறுக்கே வேலி போட்டார்கள். அவர் வேலி போட்டார், எனக்கு வேலை வைத்தார். நம் ஊர்க்காரர்கள் இருநூற்று முப்பது வருஷமாகச் சர்ச்சுக்கு நடந்த பாதை அது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, சின்ன வயதில் அந்தக் கதையைச் சொன்னால்தான் நீ கஞ்சியே குடிப்பாய்: மாளிகை ஜன்னலில் நின்று பார்த்தால் நம் ஊர்ப் புகைபோக்கிகள் தெரிந்து அழகு கெடுகிறது என்று அந்தக் காலத்துத் துரை ஊரையே பெயர்த்து மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார், ஏரி வெட்டினார், ஓக் மரம் நட்டார், சர்ச்சு மட்டும் தண்ணீரில் நிழல் விழ நன்றாக இருக்கிறது என்று விட்டுவைத்தார். உயிரோடு இருப்பவர்கள் அழகைக் கெடுப்பார்கள், செத்தவர்கள் கெடுக்கமாட்டார்கள். கிரிஸ்பினும் அதே ஜாதிதான். ஏரிக்கும் சர்ச்சுக்கும் நடுவில் உள்ள புல்வெளியில் கூடாரம் போட்டுக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும், போட்டோவில் மாப்பிள்ளை, பெண், தண்ணீர், கோபுரம் மட்டும் இருக்க வேண்டும், காய்கறிப் பை தூக்கிய கிழவி இருக்கக்கூடாது. இனிமேல் கல்லறைக்குப் போகிறவர்கள் பெரிய கேட் வழியாக இரண்டு மைல் சுற்றி, டிக்கெட் வாங்கி, கடை வழியாக வர வேண்டும். லாவெண்டர் சோப்பு விற்கிற அந்தக் கடையைத் தாண்டாமல் யாரும் தன் செத்த மனிதர்களிடம் போக முடியாது.

தபால் நிலைய டிலிஸ் உடனே கிளம்பிவிட்டாள். அவளுடைய அம்மா அப்பா தம்பி மூன்று பேரும் அங்கேதான் கிடக்கிறார்கள். இருபது வருஷம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஜனங்கள் நடந்த பாதை பொதுப்பாதை, அதை யாரும் அடைக்க முடியாது என்று சட்டம் இருக்கிறதாம். ஊர் முழுக்கப் படிவம் கொடுத்து, நான் இத்தனை வருஷமாக நடந்தேன் என்று எழுதி வாங்கி, கவுன்சிலுக்கு அனுப்பினாள். கிரிஸ்பின் அசரவே இல்லை. ஏன் தெரியுமா? இந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் பெரிய எஸ்டேட்காரர்கள் எல்லோரும் வருஷத்தில் ஒரே ஒரு நாள் பாதையைப் பூட்டி வைப்பார்கள். ஒரு நாள் பூட்டினால் தடை வந்துவிட்டது, இருபது வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மற்ற இடங்களில் 'இது பொதுவழி அல்ல' என்று ஒரு பலகை நட்டால் போதும், வேலை முடிந்தது. நம் துரைமாருக்குப் பலகை பிடிக்காது, காட்சி கெட்டுப்போகுமாம், வக்கீல் எத்தனை முறை எழுதியும் பெரியதுரை 'என் ஓக் மரத்துக்கு நடுவுல ஒரு பலகையா, நான் செத்தப்புறம் நடுங்க' என்று சொல்லிவிட்டார். ஆகவே பலகை இல்லை, பூட்டு மட்டும்தான். ஜனங்கள் அதிகம் நடமாடாத குளிர்காலத்தில் ஒரு நாளைக் குறித்தார்கள், பிப்ரவரி பன்னிரண்டு. காலையில் உன் அப்பா ஏரி மதகைப் பார்க்கப் போகிறபோது பாதை தொடங்குகிற இடத்தில் உள்ள நம் சின்ன இரும்புக் கதவைப் பூட்டுவார், மறுநாள் திறப்பார், நான் கேட் புத்தகத்தில் 'பூட்டியாயிற்று' என்று எழுதி மே.டி. என்று கையெழுத்துப் போடுவேன். வருஷா வருஷம் புத்தகம் ஆபீசுக்குப் போகும், முத்திரை விழும், திரும்பி வரும். கதவை வந்து பார்க்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது, புத்தகத்தைப் பார்ப்பார்கள். கிரிஸ்பின் அந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்துக் கட்டிப்பிடிக்காத குறையாக வைத்துக்கொண்டார்.

இப்போது நான் இருபத்திரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன், பழியில் பாதி உனக்கும் உண்டு. அப்பா நுரையீரலில் சளி கட்டி எழுபத்தாறில் போனபோது அவருக்கு என்ன உடுத்துவது என்று நான் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்து வைத்திருந்தேன். பதினேழு வயசுக்காரி நீ, அழுதுகொண்டே வந்து, 'அதுல அப்பா மாதிரியே இல்லம்மா, இதப் போடு' என்று மதகு வேலைக்குப் போட்டுப்போகிற பழுப்பு வேஸ்ட்கோட்டைக் கொடுத்தாய். போட்டோம், நான்தான் பொத்தான் போட்டேன், பாக்கெட்டைப் பார்க்கவில்லை. அடக்கம் நடந்தது பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி. பெரியதுரையே வந்து, 'பெட்டி அந்த வழியாத்தான் போகணும், திறந்தே இருக்கட்டும், சாயங்காலம் பூட்டிடுங்க மிசஸ் டிரான்டர்' என்றார். சாயங்காலம் விருந்தாளிகள் போனதும் பூட்டை எடுத்துக்கொண்டு போனேன், சாவி போட்டுத் திருப்பினால்தான் வாய் மூடுகிற பழங்காலத்து இரும்புப் பூட்டு அது. சாவி எப்போதும் எங்கே இருக்கும்? உன் அப்பா ரெஜ்ஜின் வேஸ்ட்கோட்டில். இருட்டுகிற நேரத்தில் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேனடி ஹேஸல், அன்றைக்கு முழுக்க வராத அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. மறுநாள் ஆபீசுக்குப் போய்ச் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லப் பயம். மதகுக்கு ஆள் இல்லாத கேட்டு வீட்டில் ஒரு விதவையையும் பள்ளிக்கூடம் போகிற பெண்ணையும் எஸ்டேட் எவ்வளவு நாள் வைத்திருக்கும், அதிலும் முதல் வாரமே கவனக்குறைவு என்றால்? 'பூட்டியாயிற்று' என்று எழுதினேன். அடுத்த வருஷம் அதே தேதியில் பூ எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாகத்தான் அவரைப் பார்க்கப் போனேன், வந்து 'பூட்டியாயிற்று' என்று எழுதினேன். அதற்கடுத்த வருஷமும். பயம் போய்விட்டது, வழக்கம் தங்கிவிட்டது. இருபத்திரண்டு தடவை எழுதியிருக்கிறேன், கிரிஸ்பின் ஸ்டிக்கர் ஒட்டிய அன்று இரவுகூட, அன்றைக்கு மட்டும் பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அப்புறம் ஏன் உடனே ஓடிப்போய் டிலிஸிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். டிலிஸிடம் சொன்னால் தபால்தலை ஒட்டாமலேயே ஊர் முழுக்கப் போய்ச் சேரும். கிரிஸ்பின் காதுக்குப் போனால் அன்றைக்கே என்னை வேலையை விட்டு நீக்கி, விசாரணையில் 'வேலை போன கோபத்துல பொய் சொல்லுறா' என்று சொல்லிவிடுவார். அவர் வாயாலேயே என்னை நம்பகமானவள் என்று சொல்ல வைக்க வேண்டும், எல்லோர் முன்னாலும், எழுத்தில். ஆகவே நான் சாதுவானேன். உனக்கு எழுதாததற்கும் அதுதான் காரணம், உன் கடிதங்கள் டிலிஸ் கைபட்டுத்தானே வருகின்றன, நீ மேல் உறையில் எழுதுகிற 'அம்மாவுக்கு அவசரம்' என்பதை வைத்தே அவள் பாதிக் கதையைக் கட்டிவிடுவாள். வார இறுதியில் கேட்டில் நிற்கும்போது முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பெண் மாதிரி லேஸ் வைத்த தொப்பி போட வேண்டும் என்றார் கிரிஸ்பின், போட்டேன். ஜப்பான்காரர்கள் என்னோடு நின்று படம் எடுத்தார்கள். டிலிஸ் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, 'நீ யாரு பக்கம்டி மேவிஸ்? நாங்க அவ்வளவு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம், நீ தொப்பி போட்டு ஆடிக்கிட்டிருக்க' என்று கத்தினாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'எனக்கு வீடு வேணும் டிலிஸ்' என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றரை வருஷம் என்னிடம் பேசவில்லை, தபால்தலை கேட்டால் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். அந்த ஒன்றரை வருஷத்தில் என்னைக் கொன்றது தொப்பி இல்லை, அதுதான்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே, கை நமநமவென்று இருக்கும்போது சும்மா எப்படி இருப்பது. உன் அப்பா என் புத்தி பதினாறு வயதில் நின்றுபோய்விட்டது என்பார், அது நின்ற இடத்திலேயே நன்றாகத்தான் இருக்கிறது. மாளிகைக்கும் கழிப்பறைக்கும் இருந்த அம்புக்குறிகளைச் செவ்வாய்க்கிழமை தோறும் இடம் மாற்றி வைத்தேன், மரியாதைப்பட்ட ஒரு வரலாற்றுச் சங்கம் முழுக்கக் கழிப்பறை வாசலில் நின்று கூரையின் வேலைப்பாட்டைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் சிறந்தது பத்திரிகைக்காரன் வந்த நாள். ஆடுகள் புல்வெளிக்குள் வராமல் இருக்க, பார்வைக்கு வேலியும் தெரியாமல் இருக்க, தரையில் புதைத்த மாதிரி ஒரு சுவர்ப் பள்ளம் இருக்கிறதே, பேரே ஹாஹா, நீ சின்ன வயதில் உருண்டு விழுவாயே, அதன் விளிம்பில் கிரிஸ்பினை நிறுத்திப் படம் எடுத்தான். நான் தொப்பியோடு பக்கத்தில் நின்றேன். 'சர்ச்சுக் கோபுரம் முழுசா வரல சார், இன்னும் கொஞ்சம் பின்னால போங்க' என்று சொன்னதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. அவர் போனார். முழுசாகவே போனார். கீழே மெத்தென்று சேறு, அடி ஒன்றும் இல்லை, அந்தப் பள்ளத்துக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

விசாரணை போன செப்டம்பரில் ஊர் மன்றத்தில் நடந்தது. அரசாங்கம் அனுப்பிய அதிகாரியம்மா, ஒல்லி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தாள், ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார்கள். டிலிஸ், 'எனக்குத் தெரிஞ்சு அந்தக் கதவு பூட்டிப் பாத்ததே இல்ல' என்றாள். கிரிஸ்பினின் லண்டன் வக்கீல் எழுந்து, 'எந்த வருஷம், எந்தத் தேதி, ஞாபகம் இருக்கா?' என்று கேட்டார், அவளுக்கு எங்கே ஞாபகம், யாருக்குத்தான் பூட்டாத கதவு ஞாபகம் இருக்கும்? முகம் சிவந்து வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அவர் கேட் புத்தகங்களை மேசையில் அடுக்கினார், நினைவு தவறும், புத்தகம் தவறாது என்றார், இந்த எஸ்டேட்டின் மிக நம்பகமான ஊழியர், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், என்னென்ன அடைமொழியோ போட்டு, மிசஸ் மேவிஸ் டிரான்டர் என்று கூப்பிட்டார். கிரிஸ்பின் தன் நாற்காலியில் இருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டிலிஸ் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தாள். 'இது உங்க கையெழுத்தா?' 'ஆமாங்க.' 'எல்லாமே?' 'இருபத்திரண்டும் என்னோடதுதாங்க.' 'நன்றி, போகலாம்' என்றார் வக்கீல். நான் போகவில்லை. 'எழுதினது நான்தாங்க, பூட்டினது நான் இல்ல. யாருமே பூட்டல' என்றேன். மன்றத்தில் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கெண்டியை நிமிர்த்த மறந்துவிட்டாள்.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். 'அப்ப ஏன் பூட்டியாயிற்றுன்னு எழுதினீங்க மிசஸ் டிரான்டர்?' என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் ஒன்றரை வருஷமாகச் சாமர்த்தியமான பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. 'பயத்துலங்க' என்றேன், 'புருஷன் போன வாரம், பொண்ணுக்குப் பதினேழு வயசு, வீடு எஸ்டேட்டோடது. அதுக்கப்புறம் பயம் இல்ல, பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினேன்' என்றேன். பிறகு காய்கறிப் பையிலிருந்து பூட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். பின்கட்டு ஆணியில் இருபத்திரண்டு வருஷம் வாயைப் பிளந்தபடி தொங்கிய பூட்டு, வளையம் துருப்பிடித்துச் சிலந்தி முட்டை வைத்திருந்தது. வக்கீல் விடவில்லை, வேறு பூட்டுப் போட்டிருக்கலாமே என்றார். எஸ்டேட்டைக் கேட்காமல் இங்கே ஓர் ஆணிகூட வாங்க முடியாது, வாங்கின கடிதம் இருந்தால் உங்கள் ஆளையே காட்டச் சொல்லுங்கள் என்றேன், கிரிஸ்பின் தன் அட்டையைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். 'சரி, இதோட சாவி எங்க?' என்று வக்கீல் குரலை உயர்த்தினார். 'என் புருஷன் பாக்கெட்டுல இருக்கு சார், சர்ச்சுக்குத் தெக்கால மூணாவது கல்லு. சந்தேகம்னா தோண்டிப் பாத்துக்கோங்க. ஆனா உள்ள போக டிக்கெட் வாங்கணும். உங்க வயசுக்குச் சலுகை கிடையாது.'

நான் இறங்கி வந்தபோது டிலிஸ் எழுந்து நின்றாள், அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். 'ஒன்றரை வருஷம்டி, பாவி' என்றாள், 'உனக்கு நான் தபால்தலையக்கூட ஒழுங்காக் கொடுக்கலியேடி' என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், என் நல்ல கோட்டு நனைந்தது. கிரிஸ்பின் என்னைத் தாண்டிப் போகும்போது 'செல்லம்' என்று சொல்லவில்லை. மறுநாளே நோட்டீஸ் வந்தது, நம்பிக்கைத் துரோகம், பொய்ப் பதிவு, வீட்டை மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை, நான் பொய்தான் எழுதினேன், அதற்கு இந்த வீடு போகிறது. நீ பிறந்த அறையின் சுவரில் உன் உயரம் குறித்த பென்சில் கோடுகளை நேற்று ஒரு நீளக் காகிதத்தில் அச்சு எடுத்துக்கொண்டேன், வேறு எதற்கும் நான் மூக்கைச் சிந்தவில்லை. டிலிஸ் தன் வீட்டுப் பின்னறையைக் காலி செய்துவிட்டாள், 'என் வீட்டுல பூட்டு உண்டு, சாவி என்கிட்ட இருக்கும்' என்கிறாள். ஆகவே நீ உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு பறந்து வரவேண்டாம், பணம் அனுப்புகிறேன் என்றும் எழுதாதே.

தீர்ப்பு போன வாரம் வந்தது. பாதை பொதுப்பாதை, எல்லோருக்கும், எந்நாளும். வெள்ளிக்கிழமை அவர்களே வேலியைப் பிடுங்கினார்கள், நான் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கம்புக்கும் ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன். நேற்று சனிக்கிழமை, புல்வெளியில் ஒரு குளிர்காலக் கல்யாணம். மதியம் மூன்று மணிக்குப் படம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்டில் நிற்பவளுக்கு எல்லாம் தெரியும். தபால்காரர்கள் வேன் மாதிரி பளிச்சென்ற சிவப்பில் டிலிஸுக்கு ஒரு கோட்டு இருக்கிறது, இரவல் வாங்கிப் போட்டேன். காய்கறிப் பை, அதில் முள்ளங்கிக் கீரை வெளியே தெரிகிற மாதிரி, இன்னொரு கையில் வெள்ளைப்பூ. மாப்பிள்ளை, பெண், ஏரி, கோபுரம், நடுவில் நான். பாதை போகிற இடத்தில்தானே நான் போக முடியும். முட்டி வலி வேறு, மெதுவாகத்தான் நடந்தேன், நடுவில் ஒருமுறை நின்று பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன், அந்த பூட்ஸுக்குக் கயிறே கிடையாது. கிரிஸ்பின் குடையோடு ஓடி வந்தார். நான் பையிலிருந்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து, எச்சில் தொட்டு, அவர் கோட்டில் இதயம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து ஒட்டினேன். 'உங்க டிக்கெட் சார், பத்திரமா வச்சுக்கோங்க' என்றேன். அந்தக் கல்யாணப் பெண் நல்ல பெண், ரோஜா மாதிரி மூக்கு சிவந்து நடுங்கிக்கொண்டிருந்தாள், பூ யாருக்கு என்று கேட்டாள், புருஷனுக்கு என்றேன், தன் கையில் இருந்த கொத்திலிருந்து ஒன்றை உருவி, 'இதையும் குடுத்திடுங்க' என்றாள். இது பூங்காவில் பறித்ததா என்று கிரிஸ்பின் கேட்கவில்லை.

மூன்றாவது கல்லுக்குப் போய் இரண்டு பூவையும் வைத்தேன். இருபத்துமூன்று வருஷமாக நான் அங்கே போகும்போதெல்லாம் பொய்யை எழுதப்போகிறவளாகவோ எழுதி முடித்தவளாகவோ போவேன், நேற்றுதான் வெறும் மேவிஸாகப் போனேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்தது கிடையாது, இதையும் தொலைக்கவில்லை பார். 'சாவிய வச்சுக்கோ ரெஜ், இனிமே அதுக்கு வேலை இல்ல' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ மனசு வருந்தாமல், முதுகில் வெயில் பட, குழந்தை குட்டிகளோடு நூறு வயது வாழ வேண்டும், உன் ஆடுகள் இரட்டைக் குட்டி போட வேண்டும், ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்தரிக்கோல் மாப்பிள்ளையின் விரலை நெருங்காமல் இருக்க வேண்டும். மறக்காதே, எனக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னி அனுப்பு, உங்கள் ஊரில் கிடைக்கிற நூலிலேயே கண்ணைப் பறிக்கிற சிவப்பாக, மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு. கல்யாண சீசன் ஏப்ரலில் தொடங்குகிறது, அதற்குள் வந்து சேர வேண்டும். நீ எப்போது வந்தாலும் சின்ன இரும்புக் கதவு வழியாக வா. பெரிய கேட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாயானால் பெற்ற மகள் என்றும் பார்க்க மாட்டேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
பூட்டாமல் விட்ட உன் அம்மா,
மே.டி.